உப்புத் தண்ணியில் ஹீட்டர் காயில் இரண்டாவது முறையாகப் போய்விட்டது, என்ன செய்யலாம்?

திருநகர்_மாடிவீடு
வணக்கம். மதுரை திருநகரில் சொந்த வீடு, 320 அடி போர். 15 லிட்டர் ஹீட்டர் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. போன மார்கழியில் காயில் போய் மாற்றினோம். பதினோரு மாதம் ஓடியது. இப்போது கார்த்திகைப் பனி ஆரம்பித்ததும் மறுபடியும் போய்விட்டது.

மெக்கானிக் கழற்றிக் காட்டினார். காயில் எது என்றே தெரியவில்லை. வருஷா வருஷம் வெள்ளையடித்துத் தடித்துப்போன பழைய வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. அடியிலிருந்து சிப்பி சிப்பியாக ஒரு சட்டி நிறைய அள்ளினார். வாரண்டி கேட்டால், அட்டையில் பொடி எழுத்தில் "கடின நீரால் ஏற்படும் பழுதுக்குப் பொருந்தாது" என்று இருப்பதைக் காட்டுகிறார்கள்.

தண்ணியில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா 1180 காட்டுகிறது. துவரம் பருப்பு இந்தத் தண்ணியில் வேகவே வேகாது, அதனால் சமையலுக்குக் கார்ப்பரேஷன் தண்ணிதான். வீடு முழுவதுக்கும் சாஃப்ட்னர், அதாவது கடின நீரை மெதுநீராக்கும் கருவி, போட 38,000 ரூபாய் சொல்கிறார்கள். போடலாமா? இல்லை, வருஷத்துக்கு ஒரு காயில் என்று தலையெழுத்தை ஏற்றுக்கொள்வதா?

வைகைக்கரை
எங்களுக்குச் சோழவந்தான். வீட்டுக் கிணறு, பக்கத்திலேயே வாய்க்கால். அதே 15 லிட்டர்தான், ஒன்பது வருஷமாக ஒரு திருகாணிகூடக் கழற்றியதில்லை. ஆக, கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தண்ணிதான் காரணம்.

கரிசல்காடு
வாய்க்கால்காரர் கொடுத்து வைத்தவர். நாங்கள் திருமங்கலத்துக்குத் தெற்கே. கரிசலைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே சுக்கான் கல் வந்துவிடும். அந்தக் காலத்தில் அதைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். மழைத் தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் கரியமில வாயுவையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். லேசான அமிலம் மாதிரி ஆகி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வரும். சூடாக்கினால் வாயு பிரிந்து போய்விடும். சுண்ணாம்புக்குத் தண்ணியில் நிற்கப் பிடிமானம் இல்லை, காயில் மேலேயே உட்கார்ந்துவிடும். பூமிக்கு அடியில் கரைந்த பாறையை நாம் கரண்டு செலவு செய்து பாத்ரூமில் திரும்பப் பாறையாக்குகிறோம், அவ்வளவுதான்.

திருநகர்_மாடிவீடு
திருநகரில் கரிசல் கிடையாதே அண்ணே, இங்கே கீழே கருங்கல்தானே?

கரிசல்காடு
பாறை இடுக்கில் வருஷக்கணக்காக நின்ற தண்ணி, தம்பி. பாறையில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அதிலும் கரையும். மழை குறைந்து போர் கீழே போகப் போகத் தண்ணி கடுத்துக்கொண்டே வரும். சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழை கழிந்து ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஸ்பேனர்_பிடித்தவன்
14 வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். அவனியாபுரம், வில்லாபுரம், ஆனையூர் என்று நான் போகாத பக்கம் கிடையாது. முதலில் ஒரு விஷயம்: அந்தப் பேனாவை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அது தண்ணியில் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் மின்சாரம் கடத்துவதை வைத்து மொத்தமாக ஊகிக்கிறது. சோற்றுக்குப் போடும் சாதா உப்பு அதிகம் இருந்தாலும் 1180 காட்டும், சுண்ணாம்பு அதிகம் இருந்தாலும் 1180 காட்டும். உங்கள் காயிலைத் தின்றது சுண்ணாம்பு. அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. மீன் தொட்டிக் கடையிலும் ஆன்லைனிலும் சொட்டு மருந்து கிட் கிடைக்கும். தண்ணியைக் குப்பியில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், சிவப்பு நீலமாக மாறும்போது எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். இல்லையென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி மாதிரி கொடுங்கள், எழுத்திலேயே தருவார்கள்.

அப்புறம், காயில் திடீரென்று போவதில்லை. சொல்லிவிட்டுத்தான் போகும். முதலில் உலை கொதிக்கிற மாதிரி உள்ளே 'கடகட' என்று சத்தம் வரும். பத்துக்கு, அதாவது காயிலில் படிந்த சுண்ணாம்பு ஓட்டுக்கு, அடியில் சிக்கிய தண்ணி ஆவியாகி வெடிக்கிற சத்தம் அது. அடுத்து, முன்பு இரண்டு பேர் குளித்த வெந்நீர் ஒரு ஆளுக்கே பத்தாது, ஏனென்றால் தொட்டியில் பாதி சுண்ணாம்பு. அப்புறம் ஷவர் துளை அடைக்கும். இதை எல்லாம் விட்டுவிட்டுக் கடைசியில் எனக்குப் போன் போடுவார்கள்.

மல்லிகைப்பந்தல்
இவ்வளவு எதற்கு? பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணியில் கலந்து ஹீட்டருக்குள் விட்டு அரை மணி நேரம் வைத்தால் எல்லாம் கரைந்துவிடும். எங்கள் தெருவில் அப்படித்தான் செய்கிறார்கள். 50 ரூபாயில் முடிந்தது வேலை.

ஸ்பேனர்_பிடித்தவன்
தயவு செய்து வேண்டாம். அது சுண்ணாம்பைக் கரைத்ததோடு நிற்காது, காயிலின் மேலுறையையும் தின்னும். தொட்டிக்கு உள்ளே கண்ணாடிப் பூச்சு இருந்தால் அதில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே இரும்பைப் பிடிக்கும். ஆறு மாதத்தில் அடியில் சொட்ட ஆரம்பிக்கும். தொட்டி ஓட்டையானால் ஹீட்டரே குப்பைதான். உறையில் ஓட்டை விழுந்து, எர்த்தும் சரியாக இல்லாத வீட்டில் குழாயைத் தொட்டால் கரண்டு அடிக்கும். கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத வீடாக இருந்தால் ஹீட்டரைப் பற்றி யோசிக்கும் முன்பு அதை மாட்டுங்கள்.

லெமன் சால்ட், அதாவது சிட்ரிக் அமிலம், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம் கணக்கு, 15 லிட்டருக்கு முக்கால் கிலோ. மெயினை அணைத்து, ஆறவிட்டு, தண்ணியை வடித்து, அடி மூடியைக் கழற்றிக் கையால் வருகிறதை எல்லாம் அள்ளிவிடுங்கள். தொட்டி அரிபடாமல் காக்கும் ஆனோடு கம்பியை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அமிலம் அதைத்தான் முதலில் தின்னும். அப்புறம் மூடிவிட்டு வெதுவெதுப்பான கரைசலை விட்டு ஓர் இரவு விடுங்கள். நுரைத்துக்கொண்டு வாயு வரும், அதனால் வெந்நீர்க் குழாய் திறந்தே இருக்க வேண்டும். உள்ளே அமிலம் இருக்கும்போது சுவிட்சைப் போடக்கூடாது. சூடு அதிகமானால் கால்சியம் சிட்ரேட் என்று வேறு ஒரு வெள்ளை படியும், ஒன்று போய் ஒன்று வந்த கதை. காலையில் இரண்டு முறை அலசி, புது கேஸ்கட் போட்டு மூட வேண்டும். கழற்றி மாட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் ஆளைக் கூப்பிடுங்கள். எனக்கு வேலை கிடைக்கட்டும் என்று சொல்லவில்லை, கேஸ்கட் சரியாக உட்காராமல் கரண்டு இணைப்பில் தண்ணி இறங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மல்லிகைப்பந்தல்
சரி, வாயை மூடிக்கொள்கிறேன். எங்கள் வீட்டு ஹீட்டர் அடியில் கொஞ்ச நாளாக ஈரம் இருக்கிறது. நீங்கள் சொன்ன பிறகுதான் ஏன் என்று புரிகிறது.

சாக்பீஸ்
பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எல்லா விளம்பரத்திலும் "உப்புப் படிந்தால் கரண்டு பில் எகிறும்" என்று போடுகிறார்கள். மின்சார ஹீட்டருக்கு அது பெரும்பாலும் மிகை. கணக்குப் பாருங்கள்: 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 0.56 யூனிட் வேண்டும். 2000 வாட் காயிலுக்குச் சுமார் 17 நிமிடம். காயில் தண்ணிக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. மேலே எவ்வளவு தடித்த ஓடு இருந்தாலும் அதன் சூடு தண்ணியைத் தவிர வேறு எங்கே போகும்? யூனிட் அதிகம் ஏறாது.

ஏறுவது காயிலின் சொந்தச் சூடு. சுண்ணாம்பு ஓடு வெப்பம் கடத்துவது செம்போடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் ஓடுகிறவன் மாதிரி உள்ளே சூடு தேங்கி, உறை வெடித்து, கம்பி அறுந்து போகிறது. கேஸ் ஹீட்டர் வேறு கதை. அங்கே தீ வெளியே எரிகிறது, குழாய்க்குள் பத்து பிடித்தால் சூடு தண்ணிக்குப் போகாமல் புகைபோக்கி வழியே போய்விடும். அங்கே செலவு நிஜமாகவே கூடும். (கேஸ் ஹீட்டரை ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.)

இன்னொன்று, 60 டிகிரியைத் தாண்டினால் படிவது வேகமாகக் கூடும். நம் ஊர்க் குளிருக்கு 50, 55 போதும். எப்படியும் பச்சைத் தண்ணி கலந்துதானே குளிக்கிறோம்? மிதமான சூட்டில் நாள்கணக்காகத் தேங்கிய தண்ணியில் கிருமி வளரலாம், அதனால் ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒருமுறை மட்டும் 60-க்கு மேல் ஏற்றித் திறந்துவிட்டுவிட்டுக் குளியுங்கள்.

ஸ்பேனர்_பிடித்தவன்
வாத்தியார் சொல்வது சரி. பத்தில் ஒன்பது வீட்டில் தெர்மோஸ்டாட் கடைசி முனையில்தான் நிற்கிறது. "சூடு பத்தலை" என்று கூட்டி வைப்பார்கள். சூடு பத்தாமல் போனதே பத்தினால்தான்.

அய்யர்பங்களா_பால்கனி
எங்கள் வீட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது, இரண்டு வருஷம் ஆகிறது. உள்ளதைச் சொல்கிறேன். சோப்பு நுரைக்கிறது, பக்கெட்டில் வெள்ளைக் கோடு இல்லை, ஹீட்டர் சத்தம் இல்லை. ஆனால் விற்கிறவர் சொல்லாதது நிறைய.

உள்ளே இருக்கும் ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அதனால் டி.டி.எஸ். குறையாது. முதல் வாரம் பேனாவை விட்டுப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினம்தான் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1250 கிராம். தண்ணியில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் இருந்தால் இரண்டாயிரம் லிட்டர் சொச்சத்தில் முடிந்தது. நாங்கள் ஐந்து பேர், மூன்று நாளுக்கு ஒருமுறை உப்புக் கரைசல் விட்டு அலச வேண்டும். ஒவ்வொரு தடவையும் கல் உப்பு மூன்று கிலோ. மாடிக்கு மூட்டை தூக்குவது யார் என்பதில்தான் வீட்டில் சண்டை.

அலசிய தண்ணி கடல் தண்ணி மாதிரி இருக்கும். தெரியாமல் கறிவேப்பிலை மரத்துப் பக்கம் விட்டோம். பத்து வருஷ மரம். பட்டுப்போய்விட்டது.

திருநகர்_மாடிவீடு
கறிவேப்பிலை மரமா! எங்கள் வீட்டில் அதைச் சொன்னால் சாஃப்ட்னர் பேச்சே எடுக்க முடியாது.

கிட் வாங்கிப் பார்த்துவிட்டேன். போர் தண்ணியில் கடினம் லிட்டருக்கு 640 மில்லிகிராம். கார்ப்பரேஷன் தண்ணி 110. போருக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், அதேதான்.

சாக்பீஸ்
குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலையில் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை. உங்களுடையது அதையும் தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு ஹீட்டர் வழியாக 60 லிட்டர் போகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 14 கிலோ சுண்ணாம்புச் சரக்கு அதற்குள் நுழைந்து வெளியேறுகிறது. பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் ஒன்றே கால் கிலோவுக்கு மேல். உங்கள் சட்டிக் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

காந்தம்_போட்டவன்
பைப்பைச் சுற்றிக் காந்தம் மாட்டினால் போதும் என்று சொன்னார்கள். 6,500 கொடுத்து மாட்டினேன். யாராவது பயனடைந்தீர்களா?

ஸ்பேனர்_பிடித்தவன்
நான் கழற்றிய ஹீட்டர்களில் காந்தம் மாட்டிய வீட்டுக்கும் மாட்டாத வீட்டுக்கும் வித்தியாசம் பார்த்ததில்லை. காந்தத்தைக் கழற்றி ஃப்ரிட்ஜில் சீட்டு மாட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

யானைமலை_அடிவாரம்
ஒத்தக்கடையிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் வீட்டுக்கு வருகிற தண்ணி முழுவதையும் மாற்றப் பார்க்கிறீர்கள். துணிக்கும் கழிப்பறைக்கும் செடிக்கும் எதற்கு மெதுதண்ணி? தொல்லை சூடாகிற தண்ணியில் மட்டும்தான். அது 60 லிட்டர். தம்பி வீட்டில்தான் 110 தண்ணி வருகிறதே?

நாங்கள் மொட்டை மாடியில் 200 லிட்டர் குட்டித் தொட்டி ஒன்று வைத்து, அதிலிருந்து ஹீட்டருக்கு மட்டும் தனிப் பைப் இறக்கியிருக்கிறோம். கார்ப்பரேஷன் தண்ணி வருகிற நாளில் கீழ்த் தொட்டியிலிருந்து ஏற்றிக்கொள்வோம். ஐப்பசி கார்த்திகையில் கூரை மழைத் தண்ணியையும் வடிகட்டி அதிலேயே விடுவோம், மழைத் தண்ணியைவிட மெதுவான தண்ணி கிடையாது. குளிக்கும்போது கலக்கிற பச்சைத் தண்ணி போர் தண்ணிதான், இருக்கட்டும். நான்கு வருஷம் ஆகிறது. போன தையில் திறந்து பார்த்தோம், காயில் சிவப்பாகத் தெரிந்தது.

திருநகர்_மாடிவீடு
அக்கா, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? 38,000-க்குப் பதிலாக ஒரு குட்டித் தொட்டி, முப்பது அடி பைப். பிளம்பரிடம் பேசுகிறேன்.

திருநகர்_மாடிவீடு (மூன்று வாரம் கழித்து)
தொட்டி வைத்தாகிவிட்டது, புதுக் காயில், லெமன் சால்ட் வைத்தியம் எல்லாம் முடிந்தது. தொட்டி, பைப், கூலி எல்லாம் சேர்த்து 5,800. ஆனால் ஒரு மர்மம். ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீரைச் சோதித்தால் 430 காட்டுகிறது. தொட்டியில் ஏற்றிய தண்ணி 110தான். அதைவிட வேடிக்கை, சில ராத்திரிகளில் குட்டித் தொட்டி நிரம்பி வழிகிறது. கார்ப்பரேஷன் தண்ணி வராத நாளில்! மனைவி, முனி ஏதாவது தண்ணி ஊற்றிவிட்டுப் போகிறதா என்கிறாள்.

யானைமலை_அடிவாரம்
குட்டித் தொட்டி உயரத்தில் இருக்கிறதா, பெரிய தொட்டி உயரத்தில் இருக்கிறதா?

திருநகர்_மாடிவீடு
பெரியது படிக்கட்டு ரூம் மேலே. சின்னது மொட்டை மாடித் தரையில். ஏழு எட்டு அடி வித்தியாசம்.

ஸ்பேனர்_பிடித்தவன்
முனியைப் பிடித்துவிட்டேன். பாத்ரூமில் வெந்நீருக்கு ஒரு திருகு, பச்சைத் தண்ணிக்கு ஒரு திருகு, நடுவில் கைஷவர் இருக்கிறதா? குளித்து முடித்துத் திருகுகளை மூடாமல் கைஷவரில் உள்ள குமிழை மட்டும் மூடுகிறீர்கள், சரியா? அப்போது இரண்டு பைப்பும் உள்ளே ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. மேலே இருக்கிற போர் தண்ணி அழுத்தம் அதிகம். அது வெந்நீர்ப் பைப் வழியாக ஹீட்டருக்குள் புகுந்து, பின்பக்கமாக ஏறிக் குட்டித் தொட்டியை நிரப்புகிறது.

ஹீட்டரின் நுழைவாயிலில் ஒரு வால்வு இருக்கும், தண்ணி திரும்பிப் போகாமல் தடுப்பது அதன் வேலை. அழுத்தம் கூடினால் திறந்துவிடுவதும் அதே வால்வுதான். உங்களுடையது மூன்று வருஷச் சுண்ணாம்பில் திறந்தபடியே இறுகியிருக்கும். இப்படி இறுகுவது எனக்குக் காயில் போவதைவிடப் பயம். அழுத்தம் விடும் பக்கமும் அடைத்துக்கொண்டால் ஹீட்டருக்குள் அழுத்தம் ஏறி, போக வழியில்லாமல் நிற்கும். வால்வை இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும்வரை சுவிட்ச் வேண்டாம்.

திருநகர்_மாடிவீடு
அப்படியே நடந்திருக்கிறது. வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே எதுவும் அசையவில்லை, கல்லாகிவிட்டது. புதியது மாட்டி, வெந்நீர்ப் பைப்பிலும் ஒரு தடுப்பு வால்வு சேர்த்துவிட்டார் பிளம்பர். பையனுக்குத் திருகு இரண்டையும் மூடச் சொல்லிப் பழக்க முடியாது என்பதால் கைஷவரில் இருந்த குமிழையே எடுத்தாகிவிட்டது. இன்று காலை வெந்நீர் 115. தெர்மோஸ்டாட் 52.

அய்யர்பங்களா_பால்கனி
எனக்கு வயிற்றெரிச்சல். சாஃப்ட்னரை யாராவது பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா?

கரிசல்காடு
கார்ப்பரேஷன் தண்ணி வராத எங்களை மாதிரி ஊர்க்காரர்களுக்கு அது உதவும், நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஹீட்டர் பைப்புக்கு மட்டும் மாட்டிக்கொள்வேன். 60 லிட்டர் என்றால் அதே 25 லிட்டர் ரெசின் ஒரு மாதத்துக்கு மேல் வருமே? மூட்டை தூக்கும் சண்டை இல்லை.

சாக்பீஸ்
600 தண்ணி என்றால் 34 நாள் வரும். கணக்குச் சரி.

வைகைக்கரை
சோலார் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையா?

ஸ்பேனர்_பிடித்தவன்
சோலாருக்கும் சுண்ணாம்புக்கும் சொந்தம் உண்டு, ஏனென்றால் வெயில் நாளில் தண்ணி 60, 70 என்று ஏறி நிற்கும். தட்டை பேனல் உள்ளே குழாய் மெல்லிசு, சீக்கிரம் அடைத்துவிடும். கண்ணாடிக் குழாய் மாடல் கொஞ்சம் தாங்கும், கழற்றிக் கழுவலாம். சோலாருக்கும் இதே குட்டித் தொட்டி வைத்தியம்தான் செல்லும், ஆனால் தொட்டி பெரியதாக வேண்டும்.

தம்பி, கேட்க மறந்துவிட்டேன். அமிலம் விட்டபோது ஆனோடு கம்பியை எடுத்தீர்களே, எப்படி இருந்தது?

திருநகர்_மாடிவீடு
கம்பி என்று எதுவும் இல்லை அண்ணே. நடுவில் ஒரு துருப்பிடித்த ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதையே திரும்ப மாட்டிவிட்டேன், தப்பா?

ஸ்பேனர்_பிடித்தவன்
அந்த ஆணியைச் சுற்றி விரல் தடிமனுக்கு மெக்னீசியம் இருந்திருக்க வேண்டும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அதன் வேலை, உப்பு அதிகம் உள்ள தண்ணியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். இப்போது உங்கள் தொட்டிதான் நேராக அரிபட்டுக்கொண்டிருக்கிறது. நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள். கடைக்குப் போகும்போது அந்த ஆணியைக் கையில் எடுத்துப் போங்கள், மரை அளவு மாடலுக்கு மாடல் மாறும்.